வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு

'அன்புள்ள மகனுக்கு' என்று எழுத ஆரம்பித்து, அந்த முதல் சொல்லை மட்டும் அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு நாளாகக் குமட்டிக்கொண்டு வருகிறது. அந்த வாயோடு அன்பு என்று எழுதினால் பொய்யாக இருக்கும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். கூட்டியே வாசி. மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, போனில் படம் பிடித்து இங்கிலீஷில் மாற்றவும் செய்யாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனாலும் ஆகட்டும். நான் சொல்லப் போகிற விஷயத்துக்கு அந்தக் கஷ்டமாவது நீ படவேண்டும்.

வியாழக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பற்றித்தான் எழுதுகிறேன். செம்பூரில் பாப்பாவுக்குப் பார்த்திருக்கிற கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், தாத்தா பாட்டி எல்லாரும் வரலாம் என்று சொன்னாய். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அப்பா, அம்மா ரெஹ்னே தோ, வீட்லயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க. என் மாமியார் வருவாங்க, அவங்க இங்கிலீஷ்ல பேசிக்குவாங்க. அம்மா வந்தா அன்கம்ஃபர்ட்டபிளா ஃபீல் பண்ணுவாங்க, அதான்" என்றாய். என் போனின் ஸ்பீக்கர் எப்போதும் போட்டபடியே இருக்கும், காது மந்தம் என்று நீதான் அப்படி வைத்துக் கொடுத்தாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, "அவன் சொல்லுததும் சரிதான, நான் வந்து என்னத்தப் பேச?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். மருமகள் முன்பே சொல்லியிருந்ததால், அந்தச் சனிக்கிழமைக்கென்று நீலச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் காயப்போட்டிருந்தாள். அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு செம்பூருக்கே வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று தாராவியிலிருந்து சயான் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. நீ சொன்ன அந்த வாக்கியம், அந்தக் குரலை இறக்குகிற விதம், அம்மாவின் நன்மைக்கு என்று சொல்கிற அந்த நடிப்பு எல்லாமே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. கேட்ட இடம் என் வாய்தான். அதுதான் குமட்டலுக்குக் காரணம். உன்னைத் திட்ட வந்தவன் பாதி வழியில் என் மூஞ்சியையே பார்த்துத் திரும்பி வந்தேன்.

உன் ஐந்து வயதில் வடாலாவில் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தோம். உனக்கு அந்த மாடிப்படியும் மணியும் ஞாபகம் இருக்கலாம். அது கான்வென்ட் இல்லை. எந்தப் பெரிய சபைக்கும் சொந்தமில்லை, கவர்மெண்ட் காசும் வாங்குவதில்லை. ஒரு புருஷனும் பெண்சாதியும், பிள்ளைகளை இப்படித்தான் வளர்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் இரண்டு மாடியை வாடகைக்கு எடுத்து நாலாம் வகுப்பு வரை நடத்தினார்கள். பெரிய சார் என்றும் கிரேஸ் டீச்சர் என்றும் எல்லாரும் சொல்வார்கள். தாராவியில் அந்தப் பள்ளியைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை. மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஒருத்தன் சொன்னான். அது எனக்குப் பயமாகத் தெரியவில்லை. "அம்மா டிகிரி படிச்சிருக்கணும், இன்டர்வியூல இங்கிலீஷ் பேசணும், இல்லன்னா சீட்டு கெடையாது" என்று எங்கள் தோல் பட்டறையில் கூட வேலை பார்த்தவன் சொன்னான். அதுதான் எனக்குப் பயம். போய் விசாரித்தேனா? இல்லை. வாசல் வரை போய்ப் பார்த்தேனா? அதுவும் இல்லை. நம் ஆட்களுக்கு வதந்தி என்றால் வேதவாக்கு.

உன் அம்மா ஐந்தாவதோடு நின்றவள். அவள் நின்றதால்தான் அவள் தங்கை, உன் சித்தி, பி.காம். வரை படித்தாள். நூல் வெட்டிய கூலியில் சித்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவள் உன் அம்மா. சித்திக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். இன்டர்வியூவுக்கு உன் அம்மாவுக்குப் பதிலாகச் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபாரத்தில் பெயர் பேச்சியம்மாள், நாற்காலியில் உட்கார்ந்தது சித்தி. மனைவியின் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இவள்தான் என் வீட்டுக்காரி என்று கர்த்தர் படத்துக்குக் கீழே சொன்னவன் உன் அப்பன். உன் அம்மாவிடம் நான் கேட்டபோது, "சித்தின்னா சின்ன அம்மாதானே, பிள்ளைக்கு நல்லது நடந்தாச் சரி" என்றாள். அந்தப் பழமொழி மாதிரியான சமாதானத்தைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டவன் நான். உன்னையும் ஒரு வாரம் பழக்கினேன். "சித்தின்னு சொல்லப்படாது, மம்மின்னு சொல்லணும்." நீ கெட்டிக்காரன், மூன்றாம் நாளே சரியாகச் சொன்னாய். மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இன்டர்வியூவில் பெரிய சார் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் திருநெல்வேலித் தமிழ்! "வாங்க, இருங்க. வெயில்ல வந்திருக்கீய, தண்ணி குடிங்க" என்றார். படிப்பு, சம்பளம், இங்கிலீஷ் எதையும் கேட்கவில்லை. சித்தியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, பிள்ள எதுக்குப் பயப்படுவான்? பயந்தா யாருகிட்ட ஓடுவான்?" சித்தி தன் காலேஜ் இங்கிலீஷில், நீ ரொம்பத் தைரியசாலி, எதற்கும் பயப்பட மாட்டாய் என்று சொன்னாள். சுத்தமான திருநெல்வேலிக் கேள்விக்குச் சுத்தமான இங்கிலீஷ் பதில். பெரிய சார் தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். உனக்குக் குக்கர் விசில் என்றால் உயிர் போய்விடும். விசில் வரும் முன்பே உன் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வாய். அது உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கு இந்தியா முழுக்க அவளை விடச் சரியான பதில் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவள் அப்போது தொண்ணூறு அடி ரோட்டில் சட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

சீட்டு கிடைத்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். முதல் சனிக்கிழமை என் நினைப்பில் மண் விழுந்தது. அந்தப் பள்ளியில் மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா அப்பா வந்து பிள்ளையோடு அதே சின்ன பெஞ்சில் உட்கார வேண்டும். நானும் சித்தியும் போனோம். எங்களுக்கு முன் பெஞ்சில் தாதர் மார்க்கெட்டில் பூ விற்கிற ஒரு மராட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது, பூக்கூடையைக் காலடியில் வைத்திருந்தாள். கிரேஸ் டீச்சர் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, மகளோடு சேர்ந்து போர்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். மகள் எழுதியதைப் பார்த்து அவளும் எழுதினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். தினமும் காலை ஜெபத்தில் ஒரு பிள்ளையின் வீட்டுக்காக வேண்டிக்கொள்வார்கள், வீட்டில் யார் யார் என்று அந்தப் பிள்ளையே பெயர் சொல்ல வேண்டும். பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலைச் சாத்துகிற இடம் இல்லை அது, வீட்டையே சேர்த்து உள்ளே கூப்பிடுகிற இடம். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சொன்ன பொய்க்கு அவசியமே இருந்ததில்லை. அப்போதே எழுந்து, "சார், தப்புப் பண்ணிட்டேன், இவ என் கொழுந்தியா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வெட்கம் வாயை அடைத்தது. பிள்ளையை அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் வெட்கம்தான்.

அந்தப் பள்ளியின் இன்னொரு வழக்கம், முதல் டேர்ம் முடிவதற்குள் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். நம் ஒற்றை அறைக்கு எப்படி வரச் சொல்வது? சுனாபட்டியில் இருந்த சித்தி வீட்டை நம் வீடு ஆக்கினேன். சித்தப்பா ட்யூட்டிக்குப் போன சமயமாகப் பார்த்து நாள் குறித்தேன். சுவரில் இருந்த சித்தியின் கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆணியும் வெளுத்த சதுரமும் மட்டும் சுவரில் இருந்தன. டீ போட ஆள் வேண்டுமே? உன் அம்மா வந்தாள். நானே வரச் சொன்னேன். வேலைக்காரி மாதிரி நில், பேசாதே என்றேன். உன்னிடம், "இன்னைக்கு மட்டும் அம்மாவ அக்கான்னு கூப்பிடுல" என்றேன். இப்போது இதை எழுதும்போது காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது, துப்புவதற்கு என் முகத்தைத் தவிர வேறு இடம் தெரியவில்லை.

கிரேஸ் டீச்சர் வந்தார்கள். சித்தி சோபாவில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசினாள். உன் அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள். நீ டீச்சர் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாய். அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்த குக்கர் விசில் அடித்தது. நீ எழுந்து ஓடினாய். சித்தியைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராகப் போய் உன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அவள் கை தானாக உன் தலைக்கு வந்தது. வந்த கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டாள். வேலைக்காரி முதலாளி வீட்டுப் பிள்ளையைத் தடவிக் கொடுக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன் பிள்ளையின் தலையைத் தொட என்னிடம் கண்ணால் உத்தரவு கேட்டாள். நான் கொடுக்கவில்லை. விசில் நின்ற பிறகும் நீ அவளை விடவில்லை.

டீச்சர், "சோறு வெந்துட்டு போல" என்று மட்டும் சொன்னார்கள். டீயைக் குடித்து முடித்து, கப்பைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். அங்கே உன் அம்மாவிடம் ஏதோ சொன்னார்கள், அவள் சேலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றை எடுத்துப் போட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தி மாசமாகிவிட்டாள், வர முடியவில்லை. சனிக்கிழமைகளில் நான் மட்டும் போனேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். மூன்று வருஷம் பேச்சியம்மாளைக் காய்ச்சலிலும் மூட்டுவலியிலும் படுக்கவைத்தேன். அவள் குணமாக உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள். நீயும் பண்ணினாய். வீட்டில் அவள் கல்லுமாதிரி இருப்பது தெரிந்தும் ஆறு வயதுப் பிள்ளை கை கூப்பிச் சாமியிடம் பொய் சொன்னது. என் மகனுக்கு நான் கொடுத்த முதல் பாடம் அது.

வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பள்ளியில் குடும்ப நாள் வரும். அழைப்புக் கார்டை உன் டைரிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். டைரியை நான்தான் முதலில் பார்ப்பேன். டீச்சர் வந்துபோன வருஷத்திலிருந்து நமக்கு மட்டும் இரண்டு கார்டு வந்தது. ஒன்று எல்லாருக்கும் வருகிற அச்சடித்த இங்கிலீஷ் கார்டு. இன்னொன்றில் தமிழில், உன் அம்மா எழுத்துக் கூட்டி வாசிக்கும்படி பெரிய பெரிய எழுத்தாக, கையால் எழுதியிருந்தது: 'வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு. நீங்கள் அவசியம் வரவேண்டும்.' ஒரு வார்த்தை குற்றம் சொல்லாமல், என்னைக் காட்டிக்கொடுக்காமல், அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நான் அந்தக் கார்டைக் கிழித்தேன். மறு வருஷமும் வந்தது, கிழித்தேன். மூன்றாம் வருஷம் நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது தமிழ் நன்றாக வாசிக்க வரும், பிறகுதான் விட்டுப்போனது. "அப்பா, அது அம்மாவுக்குல்லா?" என்று கேட்டாய். "ரெண்டு வந்துட்டு, ஒண்ணு வேஸ்ட்" என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வியாழக்கிழமை நீ பேசியதைக் கேட்டபோது, மறக்கவில்லை என்று தெரிந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். பாப்பாவுக்கு இன்னும் நாலு முடியவில்லை, அதற்குள் இன்டர்வியூ சொல்லிக் கொடுக்க ஒருத்தி உன் வீட்டுக்கு வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, பாப்பாகிட்ட ரெண்டு மாசத்துக்குத் தமிழ் பேசாதீங்க, கன்ஃப்யூஸ் ஆகும்" என்று நீ சொன்னாய். பாப்பாவைக் கைக்குழந்தையிலிருந்து மடியில் போட்டு வளர்த்த உன் அம்மா அன்றைக்கு முழுக்கப் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பேசத் தெரியாதவள் போல. அருவருப்பாக இருந்தது எனக்கு, உன் வீட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். நீ அனுப்பிய, அந்தப் பள்ளிக்கூடத்தின் பளபள விளம்பரப் புத்தகத்தை நான் முழுக்கப் பார்த்தேன். நீச்சல் குளத்தையும் பெரிய டிவி மாட்டிய வகுப்பையும் நீ வட்டம் போட்டிருக்கிறாய். அதே பக்கத்தின் அடியில், குடும்பம் முழுவதும் எங்களோடு கற்கிறது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும். அதை அவர்கள் மெய்யாகச் சொல்கிறார்களா, அழகுக்குப் போட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் கிரேஸ் டீச்சர் ஆகிவிட முடியாது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழி, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதுதான். அவளை ஏற்காத பள்ளிக்கூடம் என்றால் கழுத்தில் எத்தனை சிலுவை தொங்கினாலும் அங்கே உன் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஏற்கிற பள்ளியாக இருந்து நீ அவளை மறைத்தால், கிடைப்பதை எல்லாம் வாசலிலேயே கிழித்துப் போடுவாய். இரண்டாவதை நான் செய்து பார்த்துவிட்டேன். அந்தப் பள்ளி கொடுத்ததில் இங்கிலீஷை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். அந்த இங்கிலீஷில்தான் இப்போது நீ அம்மாவை 'அன்கம்ஃபர்ட்டபிள்' என்கிறாய்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு வந்ததை, கிழித்ததை, மூன்று முறை என்பதை. இத்தனை வருஷம் கழித்து. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு அடுக்களையில டீச்சர் என்ன சொன்னாவ தெரியுமா?" என்றாள். "'உங்க பிள்ள நல்லாப் படிக்கான். குடும்ப நாளுக்கு உங்களுக்குத் தனியாக் கார்டு அனுப்புதேன், வாங்கம்மா'ன்னாவ. நானும் வருஷா வருஷம் எதிர்பாத்துக்கிட்டே கெடந்தேன். வரல. மறந்துட்டாவ போலன்னு நெனச்சேன். அவியளுக்கு எத்தன பிள்ளையோ, பாவம்." அவ்வளவுதான் சொன்னாள். டீச்சருக்காகப் 'பாவம்' என்றாள். கிரேஸ் டீச்சரும் பெரிய சாரும் இப்போது எங்கே இருக்கிறார்களோ, அந்த மாடியில் இன்றைக்கு ஏதோ குடோன் இருக்கிறது. போய்க் காலில் விழ எனக்கு ஆள் இல்லை. உன் அம்மா இருக்கிறாள், அவள் காலை என் பக்கமே நீட்ட மாட்டேன் என்கிறாள்.

சனிக்கிழமை என்னோடு வா என்று கூப்பிட்டேன். நான் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினால் உன்னால் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அவள் வர மாட்டேன் என்றாள். "நீங்க கூப்பிட்டு வாரதுக்கு இல்ல. அவன் கூப்பிட்டா வாரேன்" என்றாள். ஆகவே இந்தக் கடிதம். அவள் நடமாடுகிற போது கூப்பிட்டுவிடு. எனக்குக் கிடைத்த மாதிரி உனக்கு வருஷா வருஷம் கார்டு வராது. நீ செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. அந்தச் சனிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நீ உட்கார்ந்திருக்கும்போது, பாப்பா எதற்குப் பயப்படுவாள், பயந்தால் யாரிடம் ஓடுவாள் என்று யாராவது கேட்டால், உனக்கே பதில் தெரியாது. எனக்கும் தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது. தெரிந்தவள் வீட்டில் இருக்கிறாள்.

நீலச் சேலை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, கஞ்சி மடிப்புக் கலையாமல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. போன் பண்ணு. எனக்குப் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு. தமிழில் பேசு.